முப்பத்தொன்றாம் குழி

வைங்காப்பு, சும்பா தீவு
3 மார்ச் 1997

காங்,

உங்கள் பெருநாள் அட்டை கிடைத்தது. மூன்று வாரம் கப்பலில் ஊறி, ஓரம் உப்பிப்போய் வந்து சேர்ந்தது. பச்சைப் பள்ளிவாசல், பொன் எழுத்து, "உள்ளும் புறமும் மன்னிப்புக் கேட்கிறோம்" என்று அச்சடித்த வரி, அடியில் "ருக்மனும் குடும்பமும்" என்று ரப்பர் முத்திரை. குடும்பம் என்றால் உங்கள் பெண்டாட்டி நான்தானே காங்? அப்படியானால் நானும் சேர்ந்து என்னிடமே மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். கண்ணாடிக் குழாய் விற்கிற கம்பெனிக்காரர்களுக்குப் போன அதே கட்டிலிருந்து எனக்கும் ஒன்றை உருவிவிட்டீர்கள்.

கோபத்தில்தான் எழுதுகிறேன், ஒளிக்கவில்லை.

இங்கே போன மாதம் மூன்று ஊர்களின் கோழிகளை டெடெலோ என்கிற கொள்ளைநோய் வாரிக்கொண்டு போய்விட்டது. போகோரில் நாம் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த அதே வைரஸ், இங்கே கழுத்தைத் திருகித் திருகிக் கொல்கிறது. இந்த ஊரில் கோழி கறிக்கு மட்டும் இல்லை. கல்யாணமோ விதைப்போ சாவோ, எதற்கும் ஒரு கோழியை அறுத்து, குடலைப் பார்த்து, முன்னோரிடம் உத்தரவு கேட்க வேண்டும். தடுப்பு மருந்து போடலாமா என்று கேட்பதற்கும் ஒன்றை அறுத்தார்கள். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி ரம்பு காஹி அதைத் தூக்கிக்காட்டி, "பெரியவங்க சரின்னுட்டாங்க கோழியம்மா! இதுக்கும் கண்ணுல ஒரு சொட்டு விடு, பாவம், இதுதானே உனக்கு சிபாரிசு பண்ணுச்சு" என்றாள். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அங்கே ஒரு குதிரைதான் நின்றது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நவம்பர் பதினான்காம் தேதியை மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். ஆய்வகத் தட்டில் எண்பது குழிகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வைரஸ் ஒரே ஒரு செல்லுக்குள் போகும்படி மெலிதாகக் கலந்து வைத்தவள் நான். பன்னிரண்டு மணி நேரம் கழித்து ஒவ்வொரு குழியிலும் பெருகியதை எடுத்து, அந்த வைரஸை முடக்குகிற ஆன்டிபாடி கலந்த தட்டில் ஊற்றியவளும் நான். பிறக்கும்போதே எழுத்துப் பிழையோடு பிறந்த வைரஸ் மட்டும் அதில் தப்பிப் பிழைத்து, தட்டில் பரப்பிய செல்களைக் கொன்று ஓட்டை போடும். பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், அபூர்வமாக இரண்டு. முப்பத்தொன்றாம் குழியில் மட்டும் நாற்பத்து மூன்று ஓட்டை. நீங்கள் நோட்டை வாங்கி, குறிப்பு எழுதும் கட்டத்தில், என் கையெழுத்துக்குப் பக்கத்தில், சிவப்பு மையால் "அழுக்கு" என்று எழுதினீர்கள். ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உறைபெட்டியின் மூன்றாம் தட்டில் நீல மூடிக் குழாய் இருக்கிறது. என் கையெழுத்தில் 31 என்று இருக்கும். அதிலிருப்பதன் மரபெழுத்தைப் படிக்கக் கொடுங்கள். அழுக்கு என்றால் நானே ஒப்புக்கொள்கிறேன்.

இமாஸ்


போகோர்
29 மார்ச் 1997

இமாஸ்,

கடிதம் வந்தது. அட்டைக்கு வருந்துகிறேன். முத்திரையை அலுவலகத்தில் வேறொருவர் குத்தினார்.

இங்கே தினமும் மதியம் மூன்று மணிக்கு மழை. கூரை அதே மூலையில்தான் ஒழுகுகிறது. வாளியை நீ வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறேன். உன் ரப்பர் செருப்பு வாசலில் இருக்கிறது, கூட்டும்போது தூக்கிக் கூட்டிவிட்டு மறுபடி வைத்துவிடுகிறேன். பக்கத்து வீட்டில் "இமாஸ் எப்ப வர்றா?" என்று கேட்டார்கள். கப்பல் தாமதம் என்று சொன்னேன். நான்கு மாதமாகத் தாமதமாகிற கப்பல் எது என்று அவர்கள் கேட்கவில்லை, நல்ல மனிதர்கள்.

குழாய் விஷயம் பார்க்கலாம். ஆனால் எழுபத்தொன்பது குழிகள் ஒரே கதையைச் சொல்கின்றன. செல்லுக்குள் போன மூல வைரஸ் ஒன்றே அச்சாக இருந்து எல்லாப் பிள்ளைகளையும் அடித்துத் தள்ளுகிறது என்பதுதான் நம் ஆய்வகத் தலைவர் பாக் சுலேமானின் கருத்து, அதற்கு அந்த எண்கள் பொருந்துகின்றன. அறிக்கை போய்விட்டது. ஒரு குழிக்காக அதைத் திரும்பப் பெறச் சொல்வது அவ்வளவு லேசில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

ருக்மன்


வைங்காப்பு
20 ஏப்ரல் 1997

காங்,

"பார்க்கலாம்." எனக்கு உங்களைத் தெரியும். மாட்டேன் என்று சொல்லத் தைரியமில்லாத இடத்தில்தான் நீங்கள் பார்க்கலாம் என்பீர்கள்.

சரி, வைரஸை விடுங்கள். நம் கல்யாணத்துக்கு நீங்கள் கையால் வரைந்த வழிப்படம் ஞாபகமிருக்கிறதா? எதிர்க்கடை போட்டோகாப்பிக்காரர் உங்கள் மூலத்தைக் கண்ணாடியில் வைத்து நூறு பிரதி எடுத்தார். எங்கோ ஒன்றில் மை ஈஷியிருந்தது. அதை வாங்கியவர் ஒருவர்தான் கொஞ்சம் தடுமாறினார், மற்ற எல்லாரும் நேராக வந்தார்கள். ஆனால் சியாஞ்சூர் மாமா, மாங் ஓயோ, நம்மிடம் ஒரே ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போய், அவர் ஊர்க் கடையில் அதை வைத்து ஒரு பிரதி எடுத்தார். கண்ணாடிக்கு அடியில் ஒரு கொசு நசுங்கியிருந்தது. கொசு விழுந்த பிரதியை அவர் மகன் வாங்கி, அதிலிருந்து ஐம்பது எடுத்தான். ஐம்பதிலும் கொசு. முச்சந்திக்குப் பக்கத்தில் கறுப்பாக ஏதோ இருக்கிறதே, அதுதான் கல்யாண வீடு என்று நினைத்து மொத்தக் கூட்டமும் அங்கே திரும்பியது. அங்கேயும் ஒரு கல்யாணம்! நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். "சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, மாப்பிள்ளைதான் ருக்மன் ஜாடையிலேயே இல்ல" என்று மாங் ஓயோ சொன்னதும் நீங்கள் மேடையிலேயே விழுந்து விழுந்து சிரித்தீர்களே.

அந்த நாற்பது பேரும் அழுக்கா காங்? ஒரே ஒரு கொசு. மூலத்திலிருந்தே எல்லாரும் எடுத்திருந்தால் அந்தக் கொசு ஒருவரோடு போயிருக்கும். நகலிலிருந்து நகல் எடுத்ததால் ஒரு வம்சமே வழி தவறியது. இந்த வைரஸும் செல்லுக்குள் அதைத்தான் செய்கிறது என்கிறேன். இதன் ஆர்.என்.ஏ.வை எழுதும்போது பிழை பார்த்துத் திருத்த ஆளில்லை. மூலம் மட்டுமே அச்சு என்றால் பிழை ஒன்று, இரண்டு என்று சிதறித்தான் கிடக்கும். பிள்ளையும் அச்சாகி, பேரனும் அச்சானால், ஆரம்பத்தில் விழுந்த ஒரு பிழை குடும்பம் குடும்பமாகப் பெருகும். அது எல்லாக் குழியிலும் நடக்காது, எப்போதாவது ஒன்றில் நடக்கும். எண்பதில் ஒன்றில் நடந்தது. அதைத்தான் நீங்கள் அழுக்கு என்று தள்ளினீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நீங்கள் சொன்னது எனக்கே இப்போது சரியாக ஞாபகமில்லை. கப்பல் ஏறும்போது "உன் வேலை அழுக்கு" என்று சொன்னதாக நினைத்தேன். இங்கே வந்து இறங்கியபோது "உன் கை அழுக்கு" என்றாகிவிட்டது. மழைக்காலத்தில் நீங்கள் கத்தினீர்கள். போன வாரம் கோழி பிடித்துக்கொண்டிருந்தபோது எல்லாரும் சிரித்தார்கள் என்று கூடச் சேர்ந்துவிட்டது. நானும் நகலிலிருந்து நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன் போல. உங்களிடம் மூலம் இருந்தால் அனுப்புங்கள். உண்மையில் என்ன சொன்னீர்கள்?

இங்கே தடுப்பு மருந்துத் திட்டத்தில் என்னை இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள். ஜூலை பதினைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. உங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தாளில் எழுதுகிறேன், நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

இமாஸ்


போகோர்
12 மே 1997

இமாஸ்,

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

மூலம் கேட்டாய். "இமாஸ், இதுல அழுக்கு விழுந்திருக்கு. விட்ரு." அவ்வளவுதான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நீ வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போனாய். உனக்கு அது மாறிக்கொண்டே போகிறது என்கிறாய். எனக்கு ஒரு எழுத்துக்கூட மாறுவதில்லை. தினமும் அதே அச்சு, அதே ஆணி, அதே கோட்டு. எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி, நீ கேட்காததைச் சொல்கிறேன்.

அதற்குச் சில நாள் முன், நீ அந்த எண்பது குழிகளைக் கலந்து வைத்த அன்று, காலை எட்டு மணிக்கு, நீ வருவதற்கு முன், நீ வேலை செய்கிற காற்றுக் கூண்டுக்குள் நான் முரடனை வைத்து வேலை செய்தேன். எந்த ஆன்டிபாடிக்கும் மசியாத நம் பழைய வைரஸை. முடித்ததும் ஸ்பிரிட் தொட்டுக் கூண்டைத் துடைக்க வேண்டும். பாக் சுலேமான் கூப்பிட்டார், வெளிநாட்டு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று. துடைக்காமல் போனேன். அதே கூண்டில்தான் நீ உட்கார்ந்தாய்.

நாற்பத்து மூன்று ஓட்டையைப் பார்த்ததும் என் முரடன்தான் உன் குழியில் விழுந்துவிட்டான் என்று நினைத்தேன். இமாஸ், உன் கையை நான் ஒரு நொடியும் சந்தேகப்படவில்லை. என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். நம் ஆட்கள் ஆறு பேர் நின்றார்கள், அவர்களோடு அந்த விருந்தாளி இருவர். நான் துடைக்கவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. உன் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவிட்டேன். நீ அன்றே சண்டை போட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதுவும் பொய்தான்.

குழாயும் இல்லை. பெருநாள் விடுமுறையில் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். காவல் முறை என்னுடையது. தனியாக அந்த வீட்டில் உட்கார்ந்து பள்ளிவாசலில் இரவெல்லாம் ஓதுகிற பெருநாள் தக்பீரைக் கேட்க முடியாமல் நானும் காருத்துக்கு அம்மாவிடம் ஓடிவிட்டேன். இடி விழுந்து ஐந்து நாள் மின்சாரம் இல்லை. திரும்பி வந்தபோது உறைபெட்டிக்கு அடியில் தண்ணீர் தேங்கி நின்றது. உள்ளே இருந்த எல்லாவற்றையும் கொதி நீராவியில் அவித்துக் கொட்டினோம். உன் முப்பத்தொன்றும் போயிற்று, என் முரடனும் போயிற்று. நீ மார்ச்சில் கேட்டபோதே அது இல்லை. "பார்க்கலாம்" என்று எழுதினேன்.



ருக்மன்


வைங்காப்பு
2 ஜூன் 1997

ருக்மன் அவர்களுக்கு,

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். ஆறு மாதமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? மருந்துக் குப்பியைத் திறக்கும் முன் கையை மூன்று முறை கழுவினேன். திறந்த பிறகு இரண்டு முறை. "கோழியைவிட உன் கையைத்தான்டி அதிகம் பார்க்கிற, அதுல என்ன இருக்கு?" என்று ரம்பு காஹி கேட்டாள். அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்? ஒருவேளை என் தவறுதானோ என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன். விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்துவிட்டது.

உங்களுக்குத் தெரிந்தே.

குழாய் கரைந்ததற்கு நான் கோபப்படவில்லை. இடிக்கு யார் என்ன செய்வது.

ஒப்பந்தத் தாள் என் மேசையில் இருக்கிறது.

இமாஸ்


போகோர்
20 ஜூன் 1997

இமாஸ்,

நீ என்னை "அவர்களுக்கு" என்று எழுதியிருந்ததை வாசலில் நின்றே படித்தேன்.

அன்றைக்கு நின்ற அதே ஆறு பேரையும் கூப்பிட்டு, பாக் சுலேமான் முன்னால், நோட்டைத் திறந்து வைத்துச் சொல்லிவிட்டேன். துடைக்காதவன் நான், எழுதியவனும் நான், இமாஸ் இல்லை என்று. பிறகு பாக் சுலேமான், "ஏழு மாசமா வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?" என்றார். அறிக்கையைத் திருப்பி வாங்க அவரே கடிதம் எழுதினார். நோட்டில் மேற்பார்வைக் கையெழுத்துப் போடுகிற வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். நான் இப்போது குழி எண்ணுகிறவன்.

உன் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணுகிறேன். அது எனக்குக் குட்டையாக இருக்கிறது, உயரத்தை மாற்றவில்லை. பக்கத்துக் கட்டடத்தில் உலர்த்தி வைத்திருந்த தாய் வைரஸை வாங்கிவந்து, உன் செய்முறையை உன் எழுத்தைப் பார்த்தே செய்கிறேன். "மெதுவா, அவசரப்பட்டா ரெண்டு விழும்" என்று ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறாய். யாருக்காக எழுதினாய் அதை?

இதுவரை இருநூற்று நாற்பது குழி. பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். மூன்று இடத்தில் இரண்டு. வேறொன்றும் இல்லை. உன் நாற்பத்து மூன்றைப் போல ஒன்றுகூட வரவில்லை. கண் எரிகிறது. இவ்வளவு வேலையை நீ ஒரு வருஷம் பாட்டுப் பாடிக்கொண்டே செய்தாய், நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை, இமாஸ். குழாய் இல்லை, எண் இல்லை. என் முரடன் உன் குழியில் விழவேயில்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. இருந்தாலும் அந்த நாற்பத்து மூன்று உன்னுடையது என்று நம்புகிறேன். மாங் ஓயோவின் கொசுவைப் படித்த பிறகு நம்புகிறேன் என்று சொல்லலாம், அதுவும் முழு உண்மை இல்லை. நீ கோட்டைக் கழற்றிய விதத்திலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

வா. இதைக் கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன். வந்துவிடு.

ருக்மன்


வைங்காப்பு
6 ஜூலை 1997

காங்,

உங்கள் கடிதத்தை வெயிலில் உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் ரம்பு காஹி மக்காச்சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். "புருஷன் கூப்பிடுறானா?" என்றாள். ஆமாம் என்றேன். "போகணும்னு இருக்கா?" எனக்குத் தெரியவில்லை, ஒரு கோழியை அறுத்துக் கேட்டுச் சொல்லுங்கள் என்று விளையாட்டுக்குச் சொன்னேன். "கோழிக்கு உன் புருஷனைத் தெரியுமா என்ன? பிழைச்சுக் கிடக்கிறதே பத்துக் கோழி. போ, நீயே முடிவு பண்ணு" என்றாள்.

முடிவு பண்ணிவிட்டேன். தாளில் கையெழுத்துப் போடவில்லை.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் உங்கள் இஷ்டத்துக்கு நினைத்துக்கொள்ளக் கூடாது. இன்னொரு நாற்பத்து மூன்று கிடைத்தது, நீ சொன்னதுதான் சரி, வா என்று எழுதியிருந்தால், அன்றே கையெழுத்துப் போட்டு இங்கேயே இருந்திருப்பேன். எண் கையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் நம்புவார்கள். அதற்குப் புருஷன் எதற்கு?

இருபத்திரண்டாம் தேதி கப்பல். இருபத்தாறு காலை தஞ்சோங் பிரியோக்கில் இறங்குவேன். துறைமுகத்துக்கு வாருங்கள். சிரித்துக்கொண்டு வர வேண்டாம், கோபம் இன்னும் பாதி இருக்கிறது, அதை வீட்டுக்கு வந்துதான் தீர்க்க வேண்டும். ஓரத்தில் எழுதியது உங்களுக்காகத்தான். என்றாவது ஒருநாள் என் பக்கத்தில் உட்கார்ந்து செய்வீர்கள் என்று.

அங்கே மழை நிற்காமல் இருந்தால் நல்லது. எனக்கு அந்த மூன்று மணி மழை வேண்டும்.

இமாஸ்


போகோர்
9 ஜூலை 1997

இமாஸ்,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பதினைந்தாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள். ஒருவேளை கையெழுத்துப் போட்டுவிட்டாயோ என்னவோ. நான் எழுதுவதை நிறுத்தவில்லை.

இன்று காலை முந்நூற்று எண்பத்தெட்டாம் குழி. தட்டை வெளிச்சத்துக்குத் தூக்கினேன். ஐம்பத்தேழு ஓட்டை.

என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? அழுக்கு. கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது. வெட்கமாக இருந்தது.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். எதிலிருந்து வந்த அழுக்கு? முரடன் இந்தக் கட்டடத்திலேயே இல்லை. பெருநாளுக்கு அவனையும் சேர்த்துத்தானே அவித்துக் கொட்டினோம். சிந்துவதற்கு ஆள் இல்லாத இடத்தில் எது சிந்தும்? உள்ளே போன வைரஸே மாறியதாக இருந்திருக்கலாமோ என்று, நீ செய்தது போல, பாதியை ஆன்டிபாடி இல்லாத தட்டிலும் ஊற்றியிருந்தேன். அதில் அறுநூறு ஓட்டைக்கு மேல். மாறியதே உள்ளே போயிருந்தால் அந்த அறுநூறும் ஆன்டிபாடித் தட்டிலும் பிழைத்திருக்க வேண்டும், ஐம்பத்தேழு மட்டும் இல்லை. ஆக, அந்தச் செல்லுக்குள், ஆரம்பத்திலேயே ஒரு பிழை விழுந்து, நகலிலிருந்து நகலாக, குடும்பமாகப் பெருகியிருக்கிறது. மாங் ஓயோவின் கொசு. என் பிழை உன் உண்மையை அழித்துவிட்டது என்று நினைத்தேன். நான் காவலை விட்டு ஓடியதால் கரைந்துபோன பெட்டிதான் இன்று உனக்குச் சாட்சி சொல்கிறது.

மூன்று முறை எண்ணினேன். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். இமாஸிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். ஆணியில் உன் கோட்டு தொங்கியது. அதனிடம் சொன்னேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நோட்டில் தேதி எழுதினேன். குழி எண் எழுதினேன். ஓட்டை 57. எண்ணியவர் ருக்மன். குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. பாக் சுலேமான் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தார். "அது அவ எழுத வேண்டிய கட்டம் பாக்" என்றேன். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, பேனாவை நோட்டின் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

பேனா அங்கேயேதான் இருக்கிறது. நீ அடுத்த மாதம் வந்தாலும் சரி, இரண்டு வருஷம் கழித்து வந்தாலும் சரி. அந்தக் கட்டத்தை நான் யாரையும் தொட விடமாட்டேன்.

ருக்மன்